நனைய வேண்டிய கல், நனையக் கூடாத எழுத்து

மேற்குத் துருக்கியில் ஒரு பழைய ஊர். அகழாய்வுக் குழியின் அடியில் ஒரு பளிங்குக் கல் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அகலம் 80 சென்டிமீட்டர், ஆழம் 80, உயரம் ஒரு மீட்டர். மேல்முகத்தின் நடுவில் கை நுழையும் அளவுக்கு ஒரு துளை, அடிவரைக்கும் குடைந்துகொண்டு போகிறது. ஈயக் குழாய் ஏறிவந்த வழி அது. முன்முகத்தில் கிரேக்கத்தில் ஆறு வரி. எந்த ஆளுநர் இந்த ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார் என்று செய்யுளில் சொல்கிறது. பின்முகத்தைத் தடவினால் தலைகீழாக வேறு எழுத்து தட்டுப்படுகிறது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் இதே கல் யாரோ ஒரு பிரமுகரின் சிலைக்குப் பீடமாக இருந்திருக்கிறது. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் யாரோ அதைப் புரட்டிப் போட்டு, துளைத்து, நீரூற்றின் அடிக்கல்லாக்கியிருக்கிறார்கள்.

இந்தக் கல் நான் சேர்த்துக் கட்டிய கற்பனை. ஆனால் இதன் ஒவ்வொரு அங்கமும் அந்தக் காலத்து நிஜக் கற்களில் உண்டு. அந்தக் காலத்து ஊர்களில் புதுப் பளிங்கு வெட்டிக் கொண்டுவருவது குறைந்து, பழைய பீடங்களையும் தூண்களையும் எடுத்துப் பிழைத்துக்கொள்வது வழக்கமாகியிருந்தது.

சரி, கல் கிடைத்துவிட்டது. இதை என்ன செய்வது? அங்கேயே விட்டுவிடலாம். மேலே கூரை போடலாம். அருங்காட்சியகத்துக்கு ஏற்றலாம். நகல் ஒன்று செய்து அதை வெளியே வைத்துவிட்டு மூலத்தை உள்ளே கொண்டுபோகலாம். துணிந்தால் பழையபடி தண்ணீரே விடலாம். மண்ணைப் போட்டு மூடியும் விடலாம். ஒவ்வொன்றையும் உலகில் யாரோ செய்து பார்த்திருக்கிறார்கள். அந்த அனுபவங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எனக்கு எது சரியென்று படுகிறது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் சிக்கல் எங்கே என்று பார்த்துவிடலாம். சாதாரணக் கல்வெட்டுக்கு வேலை ஒன்று: வாசிக்கப்படுவது. நீரூற்றுக்கும் வேலை ஒன்று: நனைவது. நீரூற்றின் மேல் கல்வெட்டு வெட்டினால் இரண்டு வேலையும் ஒன்றோடொன்று சண்டை போடும். பளிங்கு என்பது சுண்ணாம்புச் சத்துதான். மழைத்தண்ணீர் லேசான அமிலம், வருஷக்கணக்கில் எழுத்தின் ஓரங்களை நக்கி மழுக்கிவிடும். ஊர்க் காற்றில் கந்தகப் புகை கலந்தால் மேற்பரப்பு ஜிப்சமாக மாறி, கருப்பு ஓடு பிடித்து உரியும். ஊற்றுத் தண்ணீர் இதற்கு நேர்மாறான வழியில் கெடுக்கும். கரைந்து வரும் சுண்ணாம்பு எழுத்துக்குள் படிந்து, நம் வீட்டுக் குழாயடிக் கறை மாதிரி வெள்ளையாக இறுகிவிடும். மழை எழுத்தைக் கரைக்கிறது, ஊற்று எழுத்தை அடைக்கிறது. குளிர் நாட்டில் இதற்கு மேல் பனியும் சேரும். விரிசலுக்குள் போன நீர் உறைந்து பருத்து, கல்லைப் பிளக்கும். கரடுமுரடான மணியுள்ள பளிங்கு கடைசியில் சர்க்கரைக் கட்டி மாதிரி தொட்டால் உதிரும். மர்மரா தீவிலிருந்து வந்த சாம்பல் வரிப் பளிங்கு அந்த ரகம்தான். கான்ஸ்டான்டினோபிளிலும், அதாவது இன்றைய இஸ்தான்புல்லிலும், அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் அதைத்தான் ஏராளமாகப் பயன்படுத்தினார்கள்.

இஸ்தான்புல் தொல்லியல் அருங்காட்சியகத் தோட்டத்தில் இப்படிப்பட்ட கற்கள் வெயிலிலும் மழையிலும் வரிசையாக நிற்கின்றன. நடுவே பூனைகள் படுத்திருக்கும். தோட்டத்தில் ஒரு தேநீர்க் கடை. தூண் தலைப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்துதான் தேநீர் குடிக்க வேண்டும். அங்கே ஒரு பீடத்தின் முன்னால் நண்பகலில் நின்றேன். வெறும் சாம்பல் கல். எழுத்து இருப்பதே தெரியவில்லை. மேகம் மூடிய பிறகு கைப்பேசி விளக்கைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தேன். நிழல் விழுந்ததும் எழுத்துகள் எழுந்து நின்றன. பிறை வடிவ சிக்மா, குறுக்குக் கோடு வளைந்த ஆல்ஃபா, வரியின் கடைசியில் இடம் போதாமல் ஒன்றுக்குள் ஒன்றாக நெருக்கி வெட்டிய இரண்டு எழுத்து. வட்டமான ஓமிக்ரான்களில் இரண்டு சுண்ணாம்பு அடைத்து மூடிக் கிடந்தன. மேலிருந்து மூன்றாவது வரியில் தண்ணீர் வழிந்த தடம் ஒன்று கோணலாக இறங்கி, வழியில் இருந்த எழுத்துகளை மட்டும் மொட்டையாக்கியிருந்தது. அந்தத் தடத்தைப் பார்த்த பிறகுதான் இந்தக் கேள்வி எனக்குச் சும்மா விவாதமாக இல்லாமல் போனது.

எந்த வழியில் போனாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதில் ஒப்பிட எதுவும் இல்லை. எழுத்தைப் படியெடுக்க வேண்டும். நம் கல்வெட்டுக்காரர்கள் மைப்படி எடுப்பார்கள். கிரேக்க, லத்தீன் கல்வெட்டுகளுக்கு மை இல்லாமல், நனைத்த தாளை விறைத்த தூரிகையால் எழுத்துக்குள் அடித்து இறக்கிக் காயவிட்டு உரிப்பார்கள். தாளிலேயே எழுத்தின் அச்சு நிற்கும். இப்போது பல கோணத்தில் ஒளி விட்டுப் படமெடுத்துக் கணினியில் முப்பரிமாணமாக ஆக்குகிறார்கள். எல்லாவற்றையும் செய்யலாம்.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ரோமில் ஒரு நல்ல சாட்சி உண்டு. மதிலுக்கு வெளியே உள்ள புனித பவுல் பேராலயத்தின் முற்றத்தில் ஒரு நீர்த்தொட்டி இருந்தது. திருத்தந்தை முதலாம் லியோ, அதாவது 440 முதல் 461 வரை இருந்தவர், அதைப் பழுதுபார்த்து ஒரு லத்தீன் செய்யுள் வைத்தார். நெடுங்காலக் கவனக்குறைவால் நீரோட்டம் நின்றுபோயிருந்தது, இப்போது தொட்டி வாய் நிறைய நீரை உமிழ்கிறது என்று அது தொடங்கும். உடலின் அழுக்கை நீர் கழுவும், பாவத்தை ஆற்றுநீரைவிடத் தூய்மையான நம்பிக்கை கழுவும் என்று போகும். பவுலின் வாசலுக்குள் நுழைகிறவரே, கைகளைக் கழுவிக்கொள்ளும் என்று முடியும். தொட்டி போய்விட்டது, கல்லும் போய்விட்டது, பழைய பேராலயமே 1823இல் தீயில் எரிந்தது. செய்யுள் மட்டும் இருக்கிறது. இடைக்காலத்தில் ரோமைச் சுற்றிவந்த யாரோ அதைத் தாளில் எழுதி எடுத்துப் போனார்கள், அந்தக் கையெழுத்துப் பிரதி பிழைத்தது. பராமரிப்பு இல்லாமல் நின்றுபோன நீரைப் பற்றிய பாட்டு, பராமரிப்பில்லாமல் போன கல்லிலிருந்து தப்பி வந்திருக்கிறது.

கான்ஸ்டான்டினோபிளில் ஹாகியா சோபியா பேராலயத்தின் நீர்த்தொட்டியில் இருந்ததாகச் சொல்லும் வாசகமும் இப்படித்தான். கிரேக்கத்தில் 25 எழுத்து. முன்னிருந்து பின்னாகவும் பின்னிருந்து முன்னாகவும் ஒரே மாதிரி வரும். நம் புலவர்கள் மாலைமாற்று என்பார்களே, அதேதான். பொருள்: முகத்தை மட்டுமல்ல, பாவங்களையும் கழுவு. மூலக்கல் இல்லை. ஆனால் பல நாட்டுத் தேவாலயங்களின் ஞானஸ்நானத் தொட்டிகளில் அதே வரியைத் திரும்பத் திரும்ப வெட்டியிருக்கிறார்கள்.

இதைக் கேட்டதும், அப்படியானால் வாசகம் கையில் இருந்தால் போதுமே, கல் எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பதில் மேற்குத் துருக்கியின் பழைய நகரமான அஃப்ரோடிசியாஸில் இருக்கிறது. கல்லை அங்கேயே விடலாம் என்ற கட்சிக்கும் அதுதான் மிகப் பெரிய வக்கீல்.

அஃப்ரோடிசியாஸ் நகரின் நடுவில் 170 மீட்டர் நீளத்துக்கு ஒரு குளம். சுற்றிலும் தூண் வரிசை. நீண்ட காலம் அதைத் தெற்குச் சந்தைவெளி என்றே ஆய்வாளர்கள் எழுதி வந்தார்கள். அதன் கிழக்குக் கோடியில் ஒரு பெரிய வாயில். 5ஆம் நூற்றாண்டில் அந்த வாயிலின் முன்னால் தொட்டி கட்டி அதை நீரூற்றாக மாற்றினார்கள். அந்த வாயிலில் ஒரு செய்யுள் இருக்கிறது. அம்பீலியஸ் என்பவர் இந்தப் பனைவெளிக்கு வியப்பும் அழகும் தந்தார், ஆகவே நீர்த்தேவதைகள் அவருக்கு நன்றி சொல்கிறார்கள், எங்கள் நீருக்கு நடுவே நின்று சுற்றிப் பார்க்கிறவர் எவரும் அவரையும் இந்த இடத்தையும் எங்களையும் பாடட்டும் என்கிறது. கடைசியில் எழுதியவர் தன் பெயரையும் போட்டிருக்கிறார்: டிராலெஸ் ஊர்க்காரர், பேச்சுக்கலை ஆசான் பிதியோடோரஸ். டிராலெஸ் இன்றைய அய்தின். பக்கத்து ஊரிலிருந்து கவிஞரைக் கூப்பிட்டு எழுத வைத்திருக்கிறார்கள், காசும் கொடுத்திருப்பார்கள்.

பனைவெளி என்ற அந்த ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அது சந்தையே இல்லை, பனைமரங்கள் நின்ற பூங்கா. பிற்பாடு தோண்டியபோது குளக்கரையில் மரம் நடுவதற்கான பள்ளங்களும் கிடைத்தன. இன்று ஆய்வாளர்களே அந்த இடத்தைப் பனைவெளி என்றுதான் அழைக்கிறார்கள். கல்வெட்டு அதே இடத்தில் இருந்ததால்தான் 'எங்கள் நீர்' எது, 'சுற்றிப் பார்க்கிறவர்' எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் பிடிபட்டது. அந்தக் கல்லைத் தூக்கி நானூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு கூடத்தில் வைத்திருந்தால், அது நன்றி சொல்லும் பாட்டாக மட்டும் இருந்திருக்கும். இடத்தைச் சுட்டுகிற கல்வெட்டை இடத்திலிருந்து பிரித்தால் அதன் பாதி அர்த்தம் விழுந்துவிடும்.

1964இல் வெனிசில் எழுதிய பாதுகாப்புச் சாசனமும் இதையே சொல்கிறது. நினைவுச்சின்னத்தை அதன் சூழலிலிருந்து பிரிக்கக் கூடாது. அதைக் காப்பாற்ற வேறு வழியில்லை என்றால் மட்டும் நகர்த்தலாம். நல்ல விதி. ஆனால் 'வேறு வழியில்லை' என்று யார், எந்தக் கட்டத்தில் சொல்வது? எழுத்து அழிந்த பிறகு சொல்லிப் பயனில்லை. மழை ஒரு வருஷத்தில் செய்வது கண்ணுக்குத் தெரியாது. முப்பது வருஷப் படத்தைப் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

கூரை போடும் யோசனையை நான் அதிகம் நீட்டப் போவதில்லை. மழை நிற்கும். ஆனால் நிலத்தடி ஈரம் கல்லின் அடியிலிருந்து ஏறி, உப்பைக் கொண்டுவந்து மேற்பரப்பில் விடுவது நிற்காது. தவிர, தனியாக நிற்கும் ஒரு கல்லுக்குத் தகரக் கொட்டகை போட்டால் பேருந்து நிறுத்தம் மாதிரி இருக்கிறது. வாயில், சுவர் மாதிரி பெரிய கட்டடத்தின் உறுப்பாக இருக்கும் கல்வெட்டுக்குக் கூரை சரி, ஏனென்றால் அதைப் பிடுங்க முடியாது. ஒற்றைப் பீடத்துக்கு வேண்டாம்.

அடுத்தது அருங்காட்சியகம். நம் கல்லின் எடையைக் கணக்குப் போட்டால், ஒரு கன மீட்டர் பளிங்கு ஏறக்குறைய 2.7 டன், ஆக இது 1.7 டன்னுக்குக் கொஞ்சம் மேலே. கிரேன் வேண்டும், லாரி வேண்டும், தாங்குகிற தரை வேண்டும், அவ்வளவுதான். நகர்த்த முடியாத கல் இல்லை. வேறு நாட்டுக்குக் கொண்டுபோவது என்ற வழி மட்டும் என்றோ அடைபட்டுவிட்டது. இஸ்தான்புல் அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த ஒஸ்மான் ஹம்டி பே காலத்தில், 1884இலும் 1906இலும், ஒட்டோமான் அரசு கொண்டுவந்த விதிகள் தொல்பொருளை வெளியே எடுத்துப் போவதற்குப் பூட்டுப் போட்டன.

அதற்குமுன் போனதும், அதன் பிறகும் சுல்தானின் அன்பளிப்பாகப் போனதும் போனதுதான். அப்படிப் போனவற்றில் ஒன்று நம் விஷயத்துக்கு நேராகவே பொருந்துகிறது. எபேசுவின் செல்சஸ் நூலகம். துருக்கிக்குப் போகிற எல்லோரும் அதன் படிக்கட்டில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செல்சஸின் மகன் தந்தை நினைவாகக் கட்டியது. 3ஆம் நூற்றாண்டில் உள்ளே தீப்பிடித்து நூலெல்லாம் போனது. முகப்பு மட்டும் நின்றது. ரோமப் பேரரசின் பிற்காலத்தில் ஊர்க்காரர்கள் அந்த முகப்பைச் சும்மா விடவில்லை. அதன் முன்னால் தொட்டி கட்டி, தொட்டியின் சுற்றுச்சுவருக்குப் பழைய வெற்றிச் சின்னம் ஒன்றின் சிற்பப் பலகைகளைக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தினார்கள். பார்த்தியப் போர்ச் சின்னம் என்று இன்று சொல்கிற பலகைகள். எரிந்த நூலகம் ஒரு மாபெரும் நீரூற்றின் பின்திரை ஆனது. பிரமாதமான யோசனை என்பேன் நான்.

1903, 1904இல் ஆஸ்திரியர்கள் தோண்டினார்கள். பலகைகள் சுல்தானின் அன்பளிப்பாக வியன்னா போயின. 1970களில் முகப்பை மீண்டும் எழுப்பினார்கள், 1978இல் முடிந்தது. எழுப்பியது 2ஆம் நூற்றாண்டு நூலகத்தை. தொட்டி இல்லை, பலகை இல்லை, தண்ணீர் இல்லை. சிலைகள்கூட நகல்கள்தான், மூலங்கள் வியன்னாவில். இன்று அங்கே நிற்கிறவருக்கு அது பல தலைமுறை நீரூற்றாக வாழ்ந்தது என்று தோன்ற வழியே கிடையாது. வியன்னாவில் பலகைகளைப் பார்க்கிறவருக்கு அவை பேரரசர்களின் கதை. அதே பலகைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி நின்றது எத்தனை பேருக்கு உறைக்கும்? எல்லாக் காலத்தின் பங்களிப்பையும் மதிக்க வேண்டும் என்று அதே வெனிஸ் சாசனம் சொல்கிறது. நடைமுறையில் பிற்கால ரோமுக்கு அந்த மரியாதை அரிதாகத்தான் கிடைக்கிறது. பொற்காலம் என்று பெயர் வாங்கிய நூற்றாண்டு முன்னால் வந்து நின்றுகொள்கிறது.

நம் கற்பனைக் கல்லுக்கும் இதே ஆபத்து உண்டு. பெரிய நகரத்து அருங்காட்சியகத்துக்குப் போனால், ஒரு நல்ல மனிதர் பின்முகத்தின் பழைய எழுத்தைப் பார்த்து, கல்லை 'நேராக' நிமிர்த்தி வைத்துவிடுவார். 3ஆம் நூற்றாண்டுச் சிலைப் பீடம் என்று அட்டை எழுதுவார். துளை கீழே போய்விடும். ஆறு வரிச் செய்யுள் தலைகீழாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இனி, மறுபடியும் தண்ணீர் விடுவது. தென்மேற்குத் துருக்கியின் பிசிதியா மலையில் உள்ள பழைய நகரமான சகலசோஸில் இதைச் செய்து காட்டினார்கள். கடல்மட்டத்திலிருந்து 1,450 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர், குளிர்காலத்தில் பனி கொட்டும். ரோமப் பேரரசர் மார்கஸ் அவுரேலியஸ் காலத்தில் கட்டிய பெரிய நீர்மாளிகை ஒன்று அங்கே 28 மீட்டர் நீளத்துக்கு நின்றிருந்தது, நிலநடுக்கத்தில் சரிந்தது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகக் குழு, மார்க் வால்கென்ஸ் தலைமையில், சிதறிய துண்டுகளைப் பொறுக்கி 1998இல் ஒட்டத் தொடங்கி 2010இல் முடித்தது. இப்போது நடுவிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. பார்க்கப் போனவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது சிற்பத்தைப் பற்றி இல்லை, அந்தச் சத்தத்தைப் பற்றித்தான். மலையேறி வந்த களைப்பில் தண்ணீர்ச் சத்தம் கேட்டால் யாருக்குத்தான் பிடிக்காது? இந்த இடத்தில் அந்தக் கட்டடம் எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் கவனித்துப் பாருங்கள். அங்கே மாடங்களில் நிற்கும் சிலைகள் நகல்கள். மூலச் சிலைகளை மலைக்குக் கீழே பர்டூர் அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டார்கள். தண்ணீர் விடத் துணிந்தவர்களே நுணுக்கமான வேலைப்பாட்டை நனைய விடத் துணியவில்லை. கட்டடக் கல் நனையலாம், முகம் நனையக் கூடாது. எனக்கு எழுத்தும் ஒரு முகம்தான்.

மேற்குத் துருக்கியின் இன்னொரு பழைய நகரமான சார்டிஸிலும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடு. அங்குள்ள பெரிய யூதத் தொழுகைக்கூடத்தின் முன்முற்றத்தில் கைப்பிடி வைத்த பளிங்குச் சாடி ஒன்று நீரூற்றாக இருந்தது. இன்று முற்றத்தில் நிற்பது நகல், மூலம் மனிசா அருங்காட்சியகத்தில். அந்த ஊரில் இன்னொரு சுவாரசியம். கூடம் 1962இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் கி.பி. 200ஐ ஒட்டிய ஒரு கல்வெட்டு அதற்கு முன்பே கிடைத்து அச்சிலும் வந்துவிட்டது. ஊரின் நீரூற்றுகளையும் ஒவ்வொன்றுக்கும் உரிய தண்ணீர் அளவையும் அது பட்டியல் போடுகிறது. அந்தப் பட்டியலில் 'தொழுகைக்கூடத்து ஊற்று' என்று ஒன்று இருந்தது. கட்டடம் வெளியே வரும் முன்னரே அதன் ஊற்றைப் பற்றிய செய்தி கையில் இருந்திருக்கிறது. தண்ணீர் வாரியத்துக் கணக்கேடு மாதிரியான ஒரு கல், பல அலங்காரக் கல்வெட்டுகளைவிட அதிகம் பேசியிருக்கிறது.

நகல் என்றாலே சிலருக்கு முகம் சுளிக்கும். ஏமாற்று வேலை என்பார்கள். கெட்ட நகலைப் பார்த்திருப்பார்கள்: சிமெண்டு கலந்து வார்த்து, எழுத்து ஓரமெல்லாம் சோப்புக்கட்டி மாதிரி மழுங்கிய நகல். ரப்பர் அச்சு எடுக்கும்போது மூலப் பளிங்கிலேயே எண்ணெய்க் கறை இறங்கிவிடும் அபாயமும் உண்டு. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் தொடாமலே முப்பரிமாண அளவெடுத்து, அதே வகைப் பளிங்கில் இயந்திரத்தால் வெட்டி, கடைசியில் உளிக்காரர் கையால் சீர்செய்வது இன்று சாத்தியம். நகலில் ஒரு சலுகையும் இருக்கிறது. பழைய எழுத்துக் குழிகளில் சிவப்பு வண்ணம் பூசுவது அந்தக் காலத்து வழக்கம். மூலத்தில் இன்று நாம் வண்ணம் பூச முடியாது, பூசவும் கூடாது. நகலில் தாராளமாகப் பூசலாம். ஐந்தாம் நூற்றாண்டில் வழிப்போக்கர் பார்த்தது எதுவோ, அதற்கு மூலத்தைவிட நகல் பக்கத்தில் நிற்கும்.

ரோமில் வத்திக்கானின் ஊசிக்காய் (பைன் மரக்காய்) முற்றத்துக்குப் போனால் மூலமும் நகலும் கலந்த இந்த ஏற்பாட்டின் இன்னொரு முகம் தெரியும். ஏறக்குறைய 4 மீட்டர் உயர வெண்கல ஊசிக்காய், அடியில் வார்த்தவரின் பெயர்: புப்ளியுஸ் சின்சியுஸ் சால்வியுஸ், விடுதலை பெற்ற அடிமை. பழைய புனித பேதுரு பேராலய முற்றத்தின் நீர்த்தொட்டியை அது பல நூற்றாண்டு அலங்கரித்தது. அந்தத் தொட்டியில் மக்கள் கையும் வாயும் கழுவிக்கொண்டதை நான்காம் நூற்றாண்டின் கடைசியில் நோலா நகரத்துப் பவுலினுஸ் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1608இல் பழைய முற்றத்தை இடித்தபோது ஊசிக்காயை இப்போதைய இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு பக்கமும் நிற்கும் வெண்கல மயில்கள் நகல், மூல மயில்கள் உள்ளே. எல்லாம் பத்திரம். அழகாகவும் இருக்கிறது. ஆனால் கை கழுவிக்கொண்டு உள்ளே போகிற அந்த வாசல் இல்லை. தூரம் அதிகமில்லை, சில நூறு மீட்டர்தான். அதுவே போதும், தொட்டி சிலையாகிவிட்டது.

கடைசியாகப் புதைப்பது. சொன்னால் சிரிப்பார்கள். இவ்வளவு பாடுபட்டுத் தோண்டி எடுத்ததை மறுபடி மூடுவதா? ஆனால் மொசைக் தரைகளுக்கு இது அன்றாட நடைமுறை. நூலிழைத் துணி விரித்து, சலித்த மணல் கொட்டி, மேலே மண் போட்டு மூடிவிடுவார்கள். இஸ்தான்புல் குதிரைப்பந்தயத் திடலில் நிற்கும் பாம்புத் தூண் இதற்கு நல்ல ஆதாரம். கி.மு. 479இல் பாரசீகரை வென்ற கிரேக்க நகரங்கள் டெல்பி கோயிலில் வைத்த வெண்கலத் தூண் அது. ரோமப் பேரரசர் கான்ஸ்டான்டைன் அதைத் தன் புது நகரமான கான்ஸ்டான்டினோபிளுக்குக் கொண்டுவந்தார். இடையில் ஒரு காலத்தில் அதற்குள் குழாய் விட்டு நீரூற்றாகவும் ஆக்கினார்கள். மேலே வெளியில் இருந்த மூன்று பாம்புத் தலையும் உடைந்து போயின. கீழ்ச் சுருள்கள் திடலின் மண் ஏற ஏற மூடிப்போயின. 1850களில் தோண்டிப் பார்த்தபோது, அந்த மூடிய சுருள்களில் 31 நகரங்களின் பெயர் படிக்கும்படி இருந்தது. நூற்றாண்டுக்கணக்கில் காவலுக்கு நின்றது வெறும் மண். எந்தக் காவலாளிக்கும் இவ்வளவு பொறுமை கிடையாது. பக்கத்தில் அருங்காட்சியகம் இல்லை, காவலுக்கு ஆள் இல்லை, அடுத்த வருஷ நிதி வருமா என்று தெரியவில்லை என்றால், படியெடுத்துவிட்டு மூடுவதே நேர்மையான வழி. திறந்துபோட்டு ஊர் திரும்பி, பத்து வருஷம் கழித்து வந்து பார்த்துக் கண்ணீர் விடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இப்போது என் முடிவு. கல்வெட்டு ஒரு வாயிலின், சுவரின் உறுப்பாக இருந்தால் அங்கேயே இருக்கட்டும். அஃப்ரோடிசியாஸ் மாதிரி இடத்தோடு பேசுகிற செய்யுள் என்றால் கேள்வியே வேண்டாம். தண்ணீர் மட்டும் அதன் மேல் படக் கூடாது. நம் கற்பனைக் கல் மாதிரி தனிப் பீடம் என்றால், மூலத்தை எடுத்து விடலாம். தலைநகருக்கு வேண்டாம், அதே ஊர் எல்லைக்குள், நடந்து போகிற தூரத்தில் உள்ள சிறு அருங்காட்சியகத்துக்கு. அது இல்லாவிட்டால் அந்த மாவட்டத்து அருங்காட்சியகத்துக்கு. பழைய இடத்தில் பளிங்கு நகல், எழுத்தில் சிவப்பு வண்ணம், துளை வழியே தண்ணீர். இரண்டுக்கும் ஆள் இல்லையென்றால் மண். மூலத்தின் மேலேயே தண்ணீர் விடுவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், சத்தம் எவ்வளவு இனிமையாக இருந்தாலும்.

அருங்காட்சியகத்துக்கு இரண்டு விண்ணப்பம் உண்டு. கல்லைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், நாலு பக்கமும் சுற்றி வர இடம் விடுங்கள். தலைகீழாக நிற்கும் பழைய எழுத்தைத் தலையைச் சாய்த்துப் படிக்கிற சுகத்தைப் பார்க்கிறவருக்குக் கொடுங்கள். இன்னொன்று உயரம். இத்தகைய கல்லை மேடை போட்டுத் தூக்கிக் கண் மட்டத்தில் வைப்பதுதான் எங்கும் வழக்கம். ஆறு வரிச் செய்யுளை வெட்டியவர் நிமிர்ந்து நிற்கிறவருக்காக வெட்டவில்லை. குடம் பிடிக்கக் குனிந்தவருக்காக வெட்டினார். தரையிலேயே வையுங்கள், விளக்கை மட்டும் பக்கவாட்டிலிருந்து போடுங்கள்.